பார் மூடிய பின் வரும் அரை மணி நேரம்: வாசலோடு நம் வேலை முடிந்துவிடுகிறதா?

கதவோரம் | வியாழன், இரவு 11:42

பன்னிரண்டு வருடமாக இரவு விடுதிகளில்தான் பிழைப்பு. பாட்டில் அடுக்குவதில் ஆரம்பித்து இப்போது ஃப்ளோர் மேனேஜர். போன சனிக்கிழமை நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த இழை.

இரவு ஒரு மணி வாக்கில் ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும், பார் கவுன்டரிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். எங்கள் விதி: தூங்கினால் வெளியே. இரண்டு பவுன்சர்கள் எழுப்பி, கைத்தாங்கலாக வாசல் வரை கூட்டிப் போய் விட்டார்கள். அடியில்லை, திட்டில்லை. ‘1:10. ஒருவர் வெளியேற்றம். தகராறு இல்லை’ என்று பதிவேட்டில் நானே எழுதினேன். அவன் ஜாக்கெட் உள்ளே நாற்காலியில் கிடந்தது. போன் அந்த ஜாக்கெட்டுக்குள். கூட வந்த மூன்று பேரும் டான்ஸ் ஃப்ளோரில். அவன் போனதே அவர்களுக்குத் தெரியாது.

நாலு வாசல் தள்ளி ஒரு படிக்கட்டில் மல்லாந்து கிடந்தவனை யாரோ வழிப்போக்கர் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார். வாந்தி புரையேறி நுரையீரலுக்குள் போயிருந்ததாம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

“நம்ம பக்கம் தப்பே இல்லை” என்கிறார் முதலாளி. இருக்கலாம். ஆனால் நான் எழுதிய அந்த ‘தகராறு இல்லை’தான் கண் முன்னால் வந்து நிற்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள், மருத்துவமனையில் இருப்பவர்கள், வாடிக்கையாளர்கள், யார் வேண்டுமானாலும் சொல்லுங்கள். வாசலுக்கு வெளியே நடப்பதில் நமக்குப் பங்கு உண்டா? உண்டென்றால் என்ன செய்திருக்க வேண்டும்?

தெளிவானவன் | வியாழன், இரவு 11:58

குடித்தது அவன். பணம் கொடுத்து வாங்கிக் குடித்தது அவன். நீங்கள் நடத்துவது குழந்தைகள் காப்பகம் இல்லை. ஒவ்வொருத்தனுக்கும் அளவு தெரியாதா? எல்லாப் பழியையும் கடைக்காரன் தலையில் கட்டினால் அப்புறம் எவன் கடை நடத்துவான்?

அவசரவார்டு | வெள்ளி, அதிகாலை 4:20

ஷிஃப்ட் இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

தெளிவானவன் சார், அளவு தெரியாதா என்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். கடைசி கிளாஸைக் கீழே வைத்த நிமிடத்தோடு போதை ஏறுவது நின்றுவிடாது. வயிற்றிலும் குடலிலும் இருப்பது ரத்தத்தில் கலந்து உச்சத்துக்குப் போக அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். அதாவது 1:10-க்கு வாசலில் தள்ளாடி நின்றவன் 1:50-க்கு அதைவிட மோசமான நிலைக்குப் போயிருப்பான். வெளியே விட்டவர்கள் பார்த்த ஆள் வேறு, படிக்கட்டில் கிடந்த ஆள் வேறு. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்: தோராயமாக மணிக்கு ஒரு சாதாரண அளவு மது. பிளாக் காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், ‘வாந்தி எடுத்தா சரியாயிடும்’ எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. காபி கொடுத்தால் முழித்துக்கொண்டிருக்கும் குடிகாரன் கிடைப்பான், அவ்வளவுதான்.

தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிய வேண்டும். தோளை அழுத்தி, காதருகே சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லையா? மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லென்று பிசுபிசுப்பு, வலிப்பு: இதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ். எல்லாம் சேரும் வரை காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேலே இருக்கும் முழங்காலை மடக்கி, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி. மல்லாக்கப் படுத்தவனுக்கு வாந்தி வந்தால் தொண்டையின் தற்காப்பு வேலை செய்யாது, போதை அதை மந்தமாக்கியிருக்கும். நீங்கள் சொன்ன பையனுக்கு நடந்தது இதுதான்.

இன்னொன்று, குடித்தால் தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் விரியும். சூடாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். ஜாக்கெட் உள்ளே கிடந்தது என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கறுப்புச்சட்டை | வெள்ளி, பகல் 1:15

நானும் பவுன்சர்தான். அந்த இரண்டு பேர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ‘உள்ளே பிரச்சினை இருக்கக் கூடாது’ என்பது மட்டும்தான். வெளியே போன ஆள் எங்கள் கணக்கில் இல்லை.

பனிக்கட்டி | வெள்ளி, மாலை 5:30

பார் கவுன்டருக்குப் பின்னால் எட்டு வருடம் நின்றவள் நான். கதவோரம் அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் கதை 1:10-க்கு ஆரம்பிக்கவில்லை. அவனுக்குக் கடைசியாக ஊற்றிக் கொடுத்தது யார்? அப்போது அவன் எப்படி இருந்தான்? அதைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் எந்தக் கடையிலும் இல்லை.

‘போதும்’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எதிரே மூன்று வரிசையாக ஆட்கள், பாட்டு காதைப் பிளக்கிறது, ஒருத்தன் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இல்லை என்றால் கத்துவான், டிப்ஸ் போகும், மேனேஜர் வந்து ‘ஏன் சீன் போடுறே’ என்பார். ஊற்றிவிட்டால் முப்பது விநாடியில் முடிந்தது. அன்றைய விற்பனைக்குக் கமிஷன் வைத்திருக்கும் இடங்களில் கேட்கவே வேண்டாம்.

அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். ‘உங்களுக்கு ஓவராயிடுச்சு’ என்ற வாக்கியத்தைச் சொல்லவே கூடாது. அதைக் கேட்ட எந்தக் குடிகாரனும் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. நான் முதலில் தாமதிப்பேன். கண்ணைப் பார்க்காமல் வேறு ஆளைக் கவனிப்பேன். அப்புறம் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கேட்காமலே முன்னால் வைப்பேன். (நம் மொழியில் இந்தத் தொழில் செய்வதில் ஒரு தொல்லை: ‘தண்ணி குடுங்க’ என்றால் எந்தத் தண்ணி என்று திருப்பிக் கேட்க வேண்டும்.) அதற்கும் மசியாவிட்டால் அவனிடம் பேச மாட்டேன், கூட வந்தவர்களில் கொஞ்சம் நிதானமாக இருப்பவரைக் கூப்பிட்டு, “இவருக்கு இதோட நிறுத்திட்டேன், வேற யாரும் வாங்கிக் குடுக்காம பார்த்துக்குங்க” என்பேன். பத்தில் எட்டு முறை வேலை செய்யும். மீதி இரண்டு முறைக்கு மேனேஜர் என் பக்கம் நிற்க வேண்டும். நிற்க மாட்டார் என்று ஒரே ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும், அடுத்த முறையிலிருந்து நானும் ஊற்றிவிடுவேன்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 9:05

பனிக்கட்டி சொல்வதற்கு ஆதாரமே இருக்கிறது. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமில் ‘ஸ்டாட்’ என்று ஒரு திட்டம். 1996-இல் நடிகர்களைப் பயங்கரமாகக் குடித்திருப்பதுபோல நடிக்க வைத்து பார்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று மறுக்கப்பட்டது 5 சதவீதத்தினருக்குத்தான், மற்ற எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள்! அப்புறம் பார் ஊழியர்களுக்குப் பயிற்சி, உரிமம் கொடுக்கிறவர்களோடும் போலீசோடும் கடைக்காரர்களோடும் ஒரே மேசையில் பேச்சு, கண்காணிப்பு எல்லாம் நடந்தது. 1999-இல் மறுப்பு 47 சதவீதம், 2001-இல் 70 சதவீதம். இரவு பத்து முதல் காலை ஆறு வரையிலான வன்முறைக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்தன.

இதில் கவனிக்க வேண்டியது: வெறும் பயிற்சி வகுப்பு நடத்திச் சான்றிதழ் மாட்டிய இடங்களில் இந்தப் பலன் வருவதில்லை. ‘ஊற்றினால் உரிமத்துக்கே ஆபத்து’ என்று முதலாளிக்கு உறைத்தால்தான் மேனேஜர் பார் ஆளின் பக்கம் நிற்கிறார். பனிக்கட்டியின் கடைசி இரண்டு வரி அதேதான்.

மூன்றாம்மாடி | வெள்ளி, இரவு 10:48

நான் குடிப்பவனும் இல்லை, கடைக்காரனும் இல்லை. ஒரு கிளப்புக்கு மேலே மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். உங்கள் எல்லோருடைய பேச்சும் உள்ளே நடப்பதைப் பற்றியே இருக்கிறது. நான் பார்ப்பது வெளியே.

மூன்று மணிக்கு மூடுவார்கள். இரண்டே முக்கால் வரை தெருவில் சத்தம் பெரிதாக இருக்காது. மூன்று மணிக்கு விளக்கைப் போட்டதும் எல்லோரையும் ஒரே மூச்சில் வெளியே கொட்டுவார்கள். எதிர்ச் சாரியில் இன்னொரு கிளப், அங்கும் மூன்று மணி. இரண்டு கும்பலும் நடுரோட்டில் சேரும். டாக்சிக்கு ஒரு வரிசை, தின்பண்டக் கடைக்கு ஒரு வரிசை, இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் சண்டை. வாரம் தவறாமல் அதே இடம், அதே விளக்குக் கம்பத்தடி. பால்கனியில் நின்று அடுத்த அடி எங்கே விழும் என்று என்னால் சொல்ல முடியும். ஞாயிறு காலையில் கண்ணாடிச் சில்லு.

சீக்கிரமாக மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும். இதைச் சொன்னால் என்னை ரசனை கெட்டவன் என்பார்கள்.

இசைத்தட்டு | வெள்ளி, இரவு 11:30

டிஜே. ரசனை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன் சார். ஆனால் அந்த மூன்று மணி விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டை உச்சத்தில் நிறுத்தி, டியூப் லைட்டைப் போட்டு, ‘கிளம்பு கிளம்பு’ என்றால் உள்ளே ஏறிய வேகம் அப்படியே தெருவுக்கு வரும். நான் இப்போது கடைசி முப்பத்தைந்து நிமிடம் மெதுவாக இறக்குகிறேன். வேகம் குறைந்த பாட்டு, சத்தமும் படிப்படியாக. பாரில் மது முப்பது நிமிடம் முன்பே நின்றுவிடும், தண்ணீரும் ஏதாவது கொறிக்கவும் கிடைக்கும், விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பாதிப் பேர் தாங்களாகவே முன்னும் பின்னுமாகக் கிளம்பிவிடுவார்கள். முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை, கடைசி அரை மணிதான் விற்பனை என்றார். கைகலப்பு இல்லாத நாலு சனிக்கிழமைக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சில ஊர்களில் வாசலில் குச்சி மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று கேட்டபோது சிரித்தேன். ஆனால் வாயில் மிட்டாயோடு கத்துவது கஷ்டம்தான், யோசித்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 8:10

மூன்றாம்மாடி சார் சொன்ன மூடும் நேரம். இதில் நிறைய சண்டை நடந்திருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் பக்கம் இருப்பவை முதலில். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008-இல் ஐந்து மணிக்கு மூடிக்கொண்டிருந்த பப்களை மூன்று, மூன்றரைக்குக் கொண்டுவந்தார்கள். இரவுத் தாக்குதல்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நார்வேயில் 18 நகரங்களில் மூடும் நேரத்தை மாற்றியபோது நடந்ததைக் கணக்குப் போட்டார்கள்: ஒரு மணி நேரத்துக்கு வன்முறை சுமார் 16 சதவீதம், கூட்டினால் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. பிரேசிலில் டியாடெமா என்ற ஊரில் 2002-இல் இரவு பதினொன்றுக்கு மேல் மது விற்கத் தடை வந்தது, மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது கொலைகள் குறைந்ததாக ஆய்வு சொன்னது.

இனி சிட்னி. கிங்ஸ் கிராஸ் பகுதியில் 2012-இலும் 2013 கடைசி நாளிலும் 18 வயதுப் பையன்கள் இரண்டு பேர், முன்பின் தெரியாத ஆட்களிடம் ஒற்றைக் குத்து வாங்கி விழுந்து, பின்னர் இறந்தார்கள். ஊரே கொதித்தது. 2014 பிப்ரவரியில் சட்டம் வந்தது: ஒன்றரைக்கு மேல் புது ஆள் உள்ளே போகக் கூடாது, மூன்று மணிக்கு மது நிறுத்தம். கிங்ஸ் கிராஸில் தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் சுற்றியிருந்த மற்ற இரவுப் பகுதிகளில் கூடின. கிளப்கள் வரிசையாக மூடின, இசைக்காரர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2020-இல் நகர மையத்திலும் 2021-இல் கிங்ஸ் கிராஸிலும் அந்த நுழைவுத் தடையை நீக்கிவிட்டார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. அந்த இரண்டு பையன்களும் அடி வாங்கியது இரவு ஒன்பது, பத்து மணிக்கு. ஒன்றரை மணிச் சட்டம் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. சட்டம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. துக்கத்தில் போடும் சட்டமும் துக்கத்துக்குக் காரணமான சம்பவமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்கிறேன்.

மூன்றாம்மாடி | சனி, காலை 9:22

பொருந்தாவிட்டால் என்ன சார்? பாதி மண்டை உடைவது குறைந்ததா இல்லையா? பக்கத்துப் பகுதியில் கூடியது என்கிறீர்கள், சரி, கிங்ஸ் கிராஸில் குறைந்த அளவுக்கா கூடியது?

கணக்குப்பிள்ளை | சனி, காலை 9:40

அந்த அளவுக்கு இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

இசைத்தட்டு | சனி, காலை 11:02

மூடும் நேரத்தைக் குறைப்பது ஒரு வழி, அதைப் பரப்புவது இன்னொரு வழி. ஆம்ஸ்டர்டாமில் சில இடங்களுக்கு 24 மணி நேர அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே நிமிடத்தில் வெளியே தள்ள வேண்டிய அவசியம் இல்லை. அங்கே ரெம்ப்ராண்ட்பிளைன் என்ற கேளிக்கைச் சதுக்கத்தில் வார இறுதிகளில் சீருடை போட்ட பொறுப்பாளர்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். போலீஸ் கிடையாது, வழி சொன்னார்கள், சத்தம் போடுகிறவனிடம் சிரித்துக்கொண்டே பேசினார்கள். மூன்றாம்மாடி சார், உங்கள் விளக்குக் கம்பத்தடியில் அப்படி ஒருத்தர் நின்றால்?

மூன்றாம்மாடி | சனி, காலை 11:15

நின்றால் நானே மேலிருந்து டீ போட்டுக் கொடுப்பேன். சம்பளம் யார் கொடுப்பது?

முன்சீட் | சனி, பிற்பகல் 3:33

டாக்சி ஓட்டுகிறேன். எங்களைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். தள்ளாடி வருகிறவனை ஏற்றினால் பின்சீட்டில் வாந்தி, அன்றைய ராத்திரி ஓட்டமே போச்சு. அதனால் ஏற்ற மாட்டோம். யாருக்கு வண்டி ரொம்பத் தேவையோ அவனுக்குத்தான் வண்டி கிடைக்காது. அவன் நடக்க ஆரம்பிப்பான், இல்லை என்றால் தன் சாவியை எடுப்பான்.

எனக்குத் தெரிந்த ஒரு கிளப்பில் வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெளிச்சமான இடத்தில் டாக்சி நிறுத்தம் வைத்து ஒரு ஆளையும் போட்டிருக்கிறார்கள். அவர் கையில் பிளாஸ்டிக் பை இருக்கும். ‘கூட ஒருத்தர் வந்தால் ஏற்றிக்கொள்கிறேன்’ என்று நான் சொன்னால் நண்பனைத் தேடிக் கூட்டி வருவார். போன் சார்ஜ் போட வசதி உண்டு. இது ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. போன் செத்துப்போனவனால் வண்டி கூப்பிட முடியாது, அவ்வளவுதான்.

நிலவொளி | சனி, மாலை 6:50

இழை முழுக்கப் பையன்கள் அடிதடியாகவே இருக்கிறது. பெண்கள் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

‘போதை ஏறிய பெண்’ என்று பார்த்ததும் ஊழியர்களுக்கு முதலில் தோன்றுவது வெளியே அனுப்பு என்பது. கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆண் ‘என் கேர்ள்பிரண்ட்தான், நான் பார்த்துக்கறேன்’ என்றால் நிம்மதியாக அவனிடமே ஒப்படைத்துவிடுவார்கள். அவள் பெயர் அவனுக்குத் தெரியுமா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? என் தோழிக்கு ஒரு தடவை இப்படி நடக்க இருந்தது. ஒரு பாத்ரூம் சுத்தம் செய்யும் அம்மா, “உன் பேரு என்னம்மா, இவரு பேரு என்ன?” என்று இரண்டு கேள்வி கேட்டார். ஆள் நழுவிவிட்டான். பயிற்சி எதுவும் எடுத்தவர் இல்லை அந்த அம்மா.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 2016-இல் ஆரம்பித்த ‘ஏஞ்சலா இருக்காங்களா?’ முறை கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆபத்தை உணர்கிற பெண் பார் கவுன்டரில் வந்து ஏஞ்சலாவைக் கேட்டால் ஊழியர்கள் சத்தமில்லாமல் அவளைப் பத்திரமாக அனுப்பிவைக்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் பாத்ரூம் கதவில் போஸ்டர் ஒட்டிவிட்டு, பார் ஆளுக்குச் சொல்லாமல் விட்ட இடம் ஒன்றில் நானே கேட்டுப் பார்த்தேன். “ஏஞ்சலா இன்னிக்கு லீவு போல” என்றான்.

பனிக்கட்டி | சனி, இரவு 7:14

ஐயோ.

அவசரவார்டு | சனி, இரவு 8:30

நிலவொளி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ‘டிரிங்கில் எதையோ கலந்துவிட்டார்கள்’ என்று வருபவர்களைச் சோதித்தால் பல நேரம் மது மட்டும்தான் தெரியும். உடனே ‘பார்த்தியா, குடிச்சுட்டு கதை சொல்றா’ என்பார்கள். இது இரண்டு வகையில் தப்பு. ஜிஹெச்பி (ஆளை மயக்கும் ஒரு போதைப்பொருள்) போன்ற சில பொருள்கள் பன்னிரண்டு மணி நேரத்தில் சிறுநீரிலிருந்தே காணாமல் போய்விடும், தாமதமாக வந்தால் அகப்படாது. அப்புறம், ஒருவருக்குத் தெரியாமல் கிளாஸில் கூடுதலாக இரண்டு ஷாட் ஊற்றுவதும் கலப்பதுதான். அதற்கு மாத்திரை எதுவும் தேவையில்லை.

கறுப்புச்சட்டை | ஞாயிறு, பகல் 2:40

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி வேலைக்குப் போனேன். முதல் தடவையாக வாசலுக்கு வெளியேயும் பார்த்தேன்.

எங்கள் இடத்தில் பாத்ரூமுக்குப் போகும் வழியும் பாருக்குப் போகும் வழியும் ஒரே சந்து. இரண்டு ஆள் தோள் இடிக்காமல் போக முடியாது. எண்ணினேன்: பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஏழு தடவை ‘ஏன்டா இடிச்சே’ பேச்சு, ஐந்து அந்தச் சந்தில். நான் இவ்வளவு நாள் ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எவன் முரடன் என்று. இடத்தைப் பார்க்கவில்லை. மேனேஜரிடம் சொல்லி ஒரு உயர மேசையை அகற்றச் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடி டம்ளர் பற்றி யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உடைந்தால் தூளாகப் போகிற கண்ணாடிக்கு மாறலாம் என்கிறார்கள்.

ஆளைக் கீழே அமுக்குவது பற்றியும் ஒன்று. புதுப் பையன்களுக்கு நான் எப்போதும் சொல்வது: குப்புறப் போட்டு முதுகில் உட்காராதே. குடித்தவனுக்கு மூச்சு ஏற்கெனவே மட்டம். ‘நடிக்கிறான்’ என்று நீ நினைக்கும்போதே அவன் மூச்சு நின்றிருக்கும்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 4:55

கண்ணாடி விஷயத்தில் ஒரு சுவாரசியமான தோல்வி உண்டு. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்று ஒரு முக, தாடை அறுவை மருத்துவர். முகத்தைத் தைத்துத் தைத்து அலுத்துப்போய், இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஆரம்பித்தவர். பலப்படுத்திய கண்ணாடி நல்லது என்று அவர் குழுவினர் 57 பார்களில் சோதனை நடத்தினார்கள். முடிவு 2000-இல் வந்தது: புதுக் கண்ணாடி கொடுத்த பார்களில் ஊழியர்களுக்குக் காயம் அதிகம்! கொடுத்த டம்ளர்கள் சரியாகப் பலப்படுத்தப்படவே இல்லை, சாதாரணக் கண்ணாடியைவிடச் சீக்கிரம் உடைந்தன. ஆகவே கறுப்புச்சட்டை, வாங்கும் முன் தரத்தைப் பாருங்கள். முடிந்தால் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கே போய்விடுங்கள். அதில் பீர் ருசியாக இல்லை என்று இரண்டு வாரம் முனகுவார்கள்.

அதே ஷெப்பர்ட் செய்த இன்னொன்றுதான் பெரிது. அடிபட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் போலீசுக்குப் போவதே இல்லை என்று அவர் கவனித்தார். எனவே வரவேற்பு மேசையில் இருப்பவர் எந்தக் கடை, எந்தத் தெரு, எத்தனை மணி, எதனால் அடி என்று கேட்டு எழுதுவார். நோயாளியின் பெயரை எடுத்துவிட்டு அது போலீசுக்கும் நகராட்சிக்கும் போகும். எந்த வாசலுக்கு எப்போது ஆள் போட வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்தது. மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் கார்டிஃபில் வன்முறையால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 42 சதவீதம் குறைவு என்று 2011-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

மூன்றாம்மாடி சாரின் விளக்குக் கம்பம் மாதிரி நூறு கம்பங்களை எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

தெளிவானவன் | ஞாயிறு, இரவு 9:18

எல்லாம் சரி. ஆனால் வீட்டிலேயே முக்கால் பாட்டில் ஏற்றிக்கொண்டு வருகிறவனை என்ன செய்வீர்கள்? கடையில் ஒரு பீர்தான் குடிப்பான், பழி கடைக்கு.

பனிக்கட்டி | ஞாயிறு, இரவு 9:45

இது நியாயமான கேள்வி. கடையில் விலை ஏற ஏற அப்படி வருகிறவர்களும் அதிகம். உள்ளே விடும்போதே பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது ‘எங்கே ஆரம்பிச்சீங்க இன்னிக்கு?’ என்று சும்மா பேச்சுக் கொடுத்தால் போதும், நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். வாசலிலேயே ‘அரை மணி கழிச்சு வாங்க, தண்ணி குடிச்சுட்டு வாங்க’ என்று அனுப்பினால் உள்ளே வந்தபின் அனுப்புவதைவிடச் சண்டை குறைவு. ஆனால் அங்கேயும் தனியாக நிற்கிறானா, கூட ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பினால் கதவோரம் அண்ணாவின் கதைதான் திரும்பவும்.

நிலவொளி | ஞாயிறு, இரவு 10:20

பிரிட்டனில் ‘ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்’ என்று தேவாலயத் தொண்டர்கள் 2003 முதல் வார இறுதி இரவுகளில் தெருவில் சுற்றுகிறார்கள். பையில் தண்ணீர் பாட்டிலும் ரப்பர் செருப்பும். ஹீல்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிச் சில்லில் வெறுங்காலோடு நடக்கும் பெண்களுக்கு அந்தச் செருப்பு. அறிவுரை சொல்வதில்லையாம், குனிந்து செருப்பை மாட்டிவிடுவார்களாம். அவ்வளவு சின்ன விஷயம் யாருக்கு முதலில் தோன்றியதோ, அவரைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

கதவோரம் | இரண்டு வாரம் கழித்து திங்கள், மாலை 5:10

எல்லோருக்கும் நன்றி. மூன்று சனிக்கிழமை... இல்லை, இரண்டுதான் ஆகியிருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

பதிவேட்டில் இரண்டு கட்டம் கூட்டினேன்: ‘கடைசியாக எங்கே குடித்தார்’, ‘யாருடன் போனார்’. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் ஆளை வெளியே விடக் கூடாது. விடாமல் என்ன செய்வது என்று பவுன்சர்கள் கேட்டார்கள், நியாயம்தானே. டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் இரண்டு நாற்காலி, தண்ணீர், ஒரு வாளி, போன் சார்ஜர் வைத்தேன். ஜாக்கெட் டோக்கனை வைத்து நண்பர்களைக் கண்டுபிடிக்கிறோம், டிஜே மைக்கில் டோக்கன் எண்ணை மட்டும் சொல்வார், பெயர் சொன்னால் அவமானம். ஆளை எழுப்ப முடியாவிட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்று அவசரவார்டு எழுதிய அந்தப் பட்டியலை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருக்கிறோம்.

முதல் சனிக்கிழமை குளறுபடி. நாற்காலியில் உட்கார வைத்தவன் எழுந்து திரும்பவும் டான்ஸ் ஆடப் போய்விட்டான். ஒரு பவுன்சர் ‘நான் ஆயா வேலைக்கு வரலை’ என்று கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் அர்த்தம் உண்டு, வாசலுக்கு இரண்டு பேர்தான், ஒருத்தர் நாற்காலியோடு மாட்டிக்கொண்டால் வாசல் காலி. இரண்டாவது சனிக்கிழமைக்கு ஒரு ஆள் கூடப் போட வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். கமிஷன் பேச்சையும் எடுத்தேன். ஆளுக்குச் சரி என்றார், கமிஷனுக்கு மழுப்பிவிட்டார். அதை விடுவதாக இல்லை.

போன சனிக்கிழமை நாலு வெளியேற்றம். மூன்றுக்கு எதிரே ஆள் பெயர் இருக்கிறது. நாலாவதில் ‘தனியாக. 2:40 வரை உட்கார்ந்தார். அக்கா வந்து கூட்டிப் போனார்’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் அந்தக் கோபித்துக்கொண்ட பவுன்சர்.

கறுப்புச்சட்டை | திங்கள், மாலை 6:02

நாற்காலியை எங்கே போட்டீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள். எங்கள் வாசலில் இடமே இல்லை, வரிசை நிற்கவே திண்டாட்டம்.

கதவோரம் | திங்கள், மாலை 6:30

கவுன்டருக்குப் பின்பக்கம், கேமராவுக்கு நேரே, ஆனால் வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படாத மாதிரி. அப்புறம் ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆளோடு கவிழ்கிறது. முதல் வாரமே பார்த்துவிட்டோம்.